சனாவுல்லா பாய் செய்த ஒரே பிழை

பாட்டிலை ஜன்னல் கட்டையில் வைத்த கையோடு முதுகைத் திருப்பிக்கொள்வார் சனாவுல்லா பாய். மேற்கொண்டு பேச்செல்லாம் சுவரோடுதான். "பின்னாடி குளியலறை இருக்கு சார். தாழ்ப்பாள் நல்லா விழும், நானே பாத்து மாட்டுனது. அவசரமில்ல. முடிச்சுட்டு இதே எடத்துல வச்சுட்டுப் போங்க. பேரு வேணாம். நம்பரு ஒட்டிருக்கு." வந்தவரின் செருப்புச் சத்தம் நடையைத் தாண்டிப் போன பிறகே இந்தப் பக்கம் திரும்புவார்.

திண்டுக்கல்லில் ஒரு லேடி டாக்டரின் ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பரிசோதிப்பவர் அவர். யுத்தத்தின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் பார்க்கப் பழகி, நாற்பத்தாறில் ஊர் திரும்பி இங்கே உட்கார்ந்தவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, கைலிமேல் வெள்ளைக் கோட்டு. பிள்ளையில்லை என்று வருகிற பெண்ணுக்கு, அவள் புருஷனையும் பரிசோதிக்காமல் மருந்து எழுதமாட்டேன் என்பது டாக்டரம்மாவின் சட்டம். அந்தச் சட்டத்துக்குத் தலைகொடுக்க வருகிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் சனாவுல்லா பாயின் ஜன்னலுக்குத்தான் வந்தாகவேண்டும்.

எப்படி வருவார்கள் என்கிறீர்கள்? மாட்டுத் தாவணிச் சந்தையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். தோல் பதனிடும் ஷாப் முதலாளி, சளிக்கு மருந்து வாங்க வந்ததாக ஆயாவிடம் சொல்லிவிட்டு வருவார். சித்தையன்கோட்டை, ஆத்தூர்ப் பக்கத்து ஆட்கள் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டுமென்றால், சூடு ஆறாமல் மடியில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வரச்சொல்வார் பாய். பஸ்ஸில் வயிற்றுவலிக்காரன் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாராம்.

பென்சிலின் மருந்து வந்த காலிப் பாட்டில்களைச் சேர்த்துவைத்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில் கவிழ்த்துக் காயவைப்பார். சோப்பு மட்டும் கிட்டே வரக்கூடாது. "சோப்பு வாடை பட்டாலே செத்துரும் சார். அம்புட்டுப் பூஞ்சை உசுரு," என்பார். கண்ணாடியில் உயிரணு நிறைய இருந்தால் உடனே எழுதிவிடுவார். ஒன்றுமே இல்லாவிட்டால் எழுத மாட்டார். இன்னொரு சொட்டு எடுத்துப் பார்ப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது சொட்டும் பார்ப்பார், பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

வெளியிலும் இதே கூத்துத்தான். வெயிலோ மழையோ இல்லாத சாயங்காலத்திலும் குடையை முகத்துக்கு நேரே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பார். பிரியாணிக் கடையில் சுவரைப் பார்த்த மேஜைதான் அவருக்கு. இதென்ன பாய் வழக்கம் என்று ஒருமுறை கேட்டேன். "என்னையப் பாத்தா ஜன்னலுக்கு வந்து போனவுகளுக்குச் சோறு எறங்காது சார். காசு குடுத்துத் திங்கறாக, நிம்மதியாத் திங்கட்டும்," என்றார். ஊரில் அவருக்குத் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நான் ரெட்டியார்சத்திரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இந்தப் பத்திரிகையில் நான் எழுதியவற்றைச் சிலர் படித்திருக்கலாம். யார் யாரையோ பார்த்து எழுதினேனே தவிர இவரை எழுதவில்லை. இவரை எழுதினால் என்னையும் எழுதவேண்டும். அதற்கு எனக்கு முகம் இல்லை. இன்றைக்கும் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அறுபத்தொன்றாம் வருஷம் எனக்கும் சண்முகவள்ளிக்கும் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அவள் சுற்றாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. தெருவில் வளைகாப்பென்றால் அன்றைக்கென்று அவளுக்குத் தலைவலி வந்துவிடும். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பதினேழு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்தோடு நிற்காமல் கீழேயும் இறங்கி என்னைப் பதினைந்து நாள் படுக்கவைத்தது. வைத்தியர் என் அப்பாவைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொன்னதும், அதற்குப் பிறகு அப்பா என் பக்கம் வராமல் தோட்டத்துக்குப் போனதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தாலி கட்டினேன்.

டாக்டரம்மா என்னையும் பரிசோதனைக்கு வரச்சொன்னார். எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர் திண்டுக்கல் டவுனில் குடியிருந்தார், அவருக்கு ஐந்து பிள்ளைகள். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவர் கொடுத்ததை ஒரு பாட்டிலில் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனேன். சனாவுல்லா பாயின் பாட்டிலோடு குளியலறைக்குள் நுழைந்து, தாழ்ப்பாள் போட்டு, கொஞ்ச நேரம் நின்று, இதிலிருந்ததை அதில் ஊற்றினேன். வெளியே வந்து ஜன்னலில் வைத்தபோது, அவர் ஒன்றும் கேட்காமலே, "இப்பத்தான் எடுத்தது பாய்," என்று வேறு சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா?

என்மேல் ஒரு குறையும் இல்லையென்று டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். சண்முகவள்ளி தலையை ஆட்டிக்கொண்டாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "அப்ப எங்கிட்டத்தான்," என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். வழியில் ஏறிய தெரிந்தவர் ஒருவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டுகூட வந்தேன்.

அதன்பிறகு சோதனையெல்லாம் அவளுக்கு. உள்ளே காற்றை ஊதிக் கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது முடிந்து வெளியே வந்தபோது வாயில் வைத்துக் கடித்திருந்த முந்தானை நனைந்திருந்தது. காற்றுச் சரியாகப் போகவில்லை, வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றார் டாக்டரம்மா. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை அவளுக்கு ரத்தம் எடுக்கச் சனாவுல்லா பாயின் அறைக்குக் கூட்டிப்போனேன்.

ஊசி குத்தும்போது அவள் முகம் சுளிக்கவில்லை. "அண்ணே, அறுத்துப் பாத்தா என்ன குறைன்னு தெரிஞ்சிரும்ல?" என்று அவரைக் கேட்டாள். "தெரிஞ்சாப் போதும்ணே. இவுக இன்னொருத்தியக் கட்டிக்கிட்டுப் பிள்ளை குட்டியோட இருக்கட்டும். நானே சொல்லிப்புட்டேன், கேக்க மாட்டேங்கறாக. இப்பிடி ஒரு மனுசன் யாருக்குண்ணே கெடைப்பாக?"

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன். பாய் அவள் கையில் பஞ்சை வைத்து மடக்கிவிட்டார். செத்த நேரம் இப்படியே உட்காரும்மா என்று சொல்லிவிட்டு, என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

இன்னொரு பாட்டில் வேண்டும், போன தடவை பார்த்ததில் தனக்குச் சந்தேகம் என்றார். என்ன சந்தேகம் என்று வீறாப்பாகத்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"சார், இப்ப எடுத்ததுன்னா கஞ்சி மாதிரி கட்டிக்கிட்டு நிக்கும். எளகறதுக்கு இருவது நிமிசமாவது ஆகும். நீங்க வச்சது தண்ணியாக் கெடந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். கேட்டா உங்களுக்குச் சங்கடமாப் போகுமேன்னு விட்டுட்டேன். நான் பாத்த மரியாதைக்கு இப்ப அந்தப் புள்ள வயித்துல கத்தி விழப்போகுது."

நாளைக் காலையில் வந்து கொடுக்கச் சொன்னார். வராவிட்டால் தானே டாக்டரம்மாவிடம் சொல்லவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல்தான் நடுங்கியது, என்னுடையதல்ல.

புதன்கிழமை காலை சண்முகவள்ளியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேர்த்துவிட்டுப் போய் என் பாட்டிலைக் கொடுத்தேன். மூன்று சொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, "நீங்களே பாருங்க சார்," என்று இடம் விட்டார். குனிந்து பார்த்தேன். வெளிச்சமாக ஒரு வட்டம் தெரிந்தது. அதில் ஒன்றும் அசையவில்லை. எட்டு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது இவ்வளவுதான்.

டாக்டரம்மா இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சண்முகவள்ளியையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். எனக்கும் நாற்காலி இருந்தது. பாய் நின்றுகொண்டிருந்தார். இதில் எது நிஜம், ஒரே ஆளுக்கு இரண்டு ரிசல்ட் எப்படி வரும் என்று கேட்டார் டாக்டரம்மா. பதில் சொல்லவேண்டியவன் நான். வாயைத் திறக்கவும் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"போன தடவை நம்பர் மாறிப்போச்சும்மா," என்றார் சனாவுல்லா பாய். "வேற பாட்டிலைப் பாத்து எழுதிட்டேன். தப்பு என்னுது."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பதினைந்து வருடமாக உங்கள் கண்ணை நம்பித்தானே கத்தியை எடுக்கிறேன், ஒரு பாவமும் செய்யாத பெண்ணை நாளைக்கு அறுத்துப் போட்டிருப்பேனே என்று வராந்தா முழுக்கக் கேட்கிறாற்போல் சத்தம் போட்டார். அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். பாய் கேட்டார். "மன்னிச்சுக்கம்மா. அன்னைக்கே நான் இன்னொருக்காப் பாத்திருக்கணும்." அவர் சொன்னதில் அந்த ஒன்றுதான் நிஜம். சண்முகவள்ளி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நின்றது. மூன்றாம் நாள் வீட்டில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். "அந்த அண்ணன் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டப்ப, நீங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீக," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் சித்தையன்கோட்டையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு மாதம் கழித்து யாரும் கூப்பிடாமல் தானே திரும்பி வந்தாள். ஏன் வந்தாளென்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இப்போது பேசுகிறாள், வேண்டியதைப் பேசுகிறாள். நான் திண்டுக்கல் போய்வந்தால், டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்பாள். மூன்று வருடமாக இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சனாவுல்லா பாய் இன்றைக்கும் அதே அறையில்தான் இருக்கிறார். ஆனால் அவர் பார்த்து முடித்த ஒவ்வொன்றையும் மதுரையில் படித்துவந்த ஒரு பையன் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறான். புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸுகளுக்கெல்லாம், கவனமாக இருங்கள், பதினைந்து வருடம் ஒழுங்காகப் பார்த்த கண்ணே ஒருநாள் தவறியது என்று டாக்டரம்மா அவரைக் காட்டித்தான் சொல்கிறாராம். அவரும் அங்கேயே பாட்டில் துடைத்துக்கொண்டு நிற்பாராம். போன மாதம் போய், நான் சொல்லிவிடுகிறேன் பாய் என்றேன்.

"விடுங்க சார். உங்க பேரு வெளிய வந்துச்சுன்னா நாளைக்கு ஒரு ஆம்பளை இந்த ஜன்னல்கிட்ட வரமாட்டான். அப்புறம் பொம்பளைகளத்தான் போட்டு அறுப்பாக," என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். வீட்டில் வந்து, பத்திரிகையில் எழுதிவிடட்டுமா என்று சண்முகவள்ளியிடம் கேட்டேன். "எழுதுங்க. எம் பேரையும் போட்டே எழுதுங்க," என்றாள். டாக்டரம்மாவின் வராந்தா மேஜையில் இந்தப் பத்திரிகை எப்போதும் கிடக்கும், நானே பார்த்திருக்கிறேன். அம்மா, பாட்டில் மாறவில்லை. மாற்றியவன் நான், ரெட்டியார்சத்திரம் வேலுசாமி. பாய் பார்த்ததை மறுபடி பார்க்கிற அந்தப் பையனை வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

அன்று டாக்டரம்மா ஏசி முடித்துப் போகச் சொன்னதும் பாய் அறை வாசலைத் தாண்டி வெளியே போனார். வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர், சத்தம் கேட்டுக் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலடி நடந்தவர் திரும்பி வந்தார். அவர்களுக்கு முகத்தைக் காட்டி நின்றுகொண்டு, பாதி திறந்து கிடந்த வாசல் திரையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நாங்கள் தெரியாதபடி இழுத்து, நடுவில் தெரிந்த சின்ன இடுக்கையும் விரலால் சேர்த்து மூடிவிட்டுப் போனார்.