கம்பெனிக்கு ஒரு வருட முறை

என் வாழ்க்கையில் நான் கையெழுத்திட்ட ஒரே ஒப்பந்தம் செல்லாது. செல்லாது என்று மெகாபோன் பிடித்து அறிவித்ததும் நான்தான். அறுபதுகளின் கடைசியில், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியிருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் கடிதக் குமாஸ்தா. குண்டூசியும் பேனா மையும் வாங்கும் சீட்டில் மட்டும் கையொப்பமிடலாம். அந்த அதிகாரத்தோடு போய் ஓர் ஆற்றையே பேரம் பேசிவிட்டு வந்தேன்.

கழிவுநீர்க் குழாயை மீனவர் குப்பத்தின் கரை வழியாகக் கொண்டுபோகவேண்டியிருந்தது. நான் ராயபுரத்துக்காரன், அவர்கள் பேச்சு எனக்குத் தெரியும் என்பதால், "ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வா" என்று மேனேஜர் என்னை அனுப்பினார். குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழிமுகத்தில் யார் எந்த இடத்தில், எத்தனை நாள் வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். முறை முடிந்தால் எவ்வளவு பெரிய வலைக்காரனும் கரையேறிவிட வேண்டும். கம்பெனியையும் அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்: தண்ணீரில் ஒரு முறை கேட்டு வந்திருக்கும் இன்னொரு ஆள். ஒரு மாசி மகத்திலிருந்து அடுத்த மாசி மகம் வரை என்று தீர்ந்தது. ஆனால் வெளியாளுக்கு முறை கொடுத்தால் உள்ளூர்க்காரன் ஒருவன் பிணை நிற்கவேண்டும். வெளியாள் நாள் தாண்டித் தங்கினால், பிணை நின்றவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் தண்ணீரில் இனி முறையே கிடையாது. யாரும் முன்வரவில்லை. குப்பத்துத் தலைவரே பிணை நின்றார். அவருக்கு இரண்டு மகன்கள். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்தாளு மூஞ்சியப் பாத்தா பஸ்ல மீதிச் சில்லறைகூட கேட்டு வாங்கமாட்டான் போலகீது. இவன நம்பியா?" என்றாள். "படிச்ச புள்ள, சும்மா கெட" என்று அவளை அடக்கிவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினார் தலைவர். நான் மிடுக்காகக் கையெழுத்திட்டேன். மேனேஜரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள்" என்றார்.

மறக்கும்படி தண்ணீர் நடந்துகொள்ளவில்லை. குழாய் திறந்த வாரமே மடவை மீன்கள் தாமாகக் கரையில் துள்ளி விழுந்தன. தோல் உரிந்து, செவுள் வெந்து, மண்ணில் தலையை அடித்துக்கொண்டு செத்தன. இறாலை அடுப்பில் ஏற்றவேண்டிய தேவையே இருக்கவில்லை, சிவந்தே மிதந்தது. வலை இழுத்தவர்களின் முழங்கால் வரை கொப்புளம். ஒரு வருடம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாள் எண்ணினார்கள். அதே வருடம் எங்கள் ஆபீஸ் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. அதில் உற்பத்திக் கோடு கூரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கோட்டைப் போட்டவன் நான். அட்டை போதாமல் மேலே இன்னோர் அட்டையை ஒட்டியவனும் நான்.

மாசி மகத்துக்கு மறுநாள் தலைவர் சலவை வேட்டியோடு வந்து மேனேஜர் முன் நின்றார். "மொற முடிஞ்சிடுச்சி சார். பைப்ப மூடணும்." இரண்டாவது ஆலை வருகிறது, இரண்டாவது குழாயும் வரும் என்றார் மேனேஜர். தலைவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "செரி சார். உங்களுக்கு அப்பால யாரு?"

"எங்களுக்கு அப்புறமும் நாங்கள்தான்."

 தலைவர் என்னைப் பார்த்தார். நான் மைப் புட்டியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை குப்பத்தார் தோணிகளில் வந்தார்கள். மணல் மூட்டைகளால் குழாய் வாயை அடைத்தார்கள். கான்டிராக்டரின் ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு கரையில் இறங்கினார்கள், பின்னாலேயே போலீஸ். மேனேஜர் என் கையில் மெகாபோனைத் திணித்தார். கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று அந்தக் குமாஸ்தா அறிவித்தான். குரல் தெளிவாகவே இருந்தது என்று பிற்பாடு பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. துடுப்பு மண்டையில் இறங்கும் சத்தமும் கம்பி எலும்பில் இறங்கும் சத்தமும் வேறு வேறு என்று அன்றுதான் அறிந்தேன். முதலாவது மந்தமாகக் கேட்கும். இரண்டாவதைக் கேட்டால் நம் பல் கூசும். ஒரு கான்டிராக்ட் ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். எழுந்தபோது கண்ணைத் திறக்க முடியாமல் அலறினான். ஒரு கிழவியைப் போலீஸ்காரர்கள் முடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். மூட்டைகள் பிதுங்கத் தொடங்கியதும் தலைவர் தன் முதுகைக் குழாய் வாயில் கொடுத்து நின்றார். முழங்கையில் கம்பி விழுந்தது. நகரவில்லை. அதே இடத்தில் மறுபடி விழுந்தது. கை பின்பக்கமாக மடங்கியது. அப்போது மூட்டைகள் பிய்த்துக்கொண்டன. மஞ்சள் தண்ணீர் அவரைத் தூக்கி எறிந்தது. முதுகுத் தோல் சட்டை மாதிரி கழன்று வந்தது. நான் "அமைதி, அமைதி" என்று மெகாபோனில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மண்டையிலும் ஒன்று விழுந்தது. ஏழு தையல்.

இரண்டாவது குழாய் மழைக்கு முன்பே வந்துவிட்டது. தலைவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் குப்பம் கூடியது. பிணை விதியை இந்த ஒருமுறை விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் அழுதார்கள். அவர் ஒப்பவில்லை. "மொறன்னா மொறதான். நமக்கே இல்லாட்டி அவன இன்னான்னு கேக்கறது?" கம்பெனி நாள் தாண்டித் தங்கிய குற்றத்துக்கு அந்தக் கரையில் தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான். தோணியை விற்றார். இரண்டாவது ஆலையில் மூட்டை தூக்கினார், நீட்ட முடியாத கையோடு. மகன்களும் கூடவே. எனக்குச் சம்பள உயர்வு வந்தது, வாங்கிக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, வேலையை விட்டு நாலு பேர் படிக்கும்படி எழுதத் தொடங்கிய பின், மேடைகளில் என் தழும்பைத் தொட்டுக் காட்டுவது வழக்கமாயிற்று. போலீஸ் லத்தி, மக்களோடு நின்று வாங்கியது என்பேன். கைதட்டுவார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு மறுநாள் காசிமேட்டில் மீன் வாங்கப் போனேன். கூடையோடு உட்கார்ந்திருந்தாள் தலைவரின் மனைவி. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது என்றாள்.  நான் செய்த துரோகத்தையெல்லாம் நடுச்சந்தையில் சொல்லி முடித்து, நானும் கொஞ்சம் பட்டேன் என்று தெரிவிப்பதற்காகத் தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினேன். "போலீஸ் அடித்தது" என்றேன்.

கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"போலீசா? போ நைனா, இது என் துடுப்பு. மேனேஜருக்கு ஓங்குனது. அந்தாளு குனிஞ்சிட்டான், நீ மரமாட்டம் நின்னுகினு இருந்தே. ஒன்ன அடிச்சி எங்களுக்கு இன்னா ஆவப்போது? எறா எடுக்கறதுன்னா எடு, இல்லாட்டி நவுரு. பின்னாடி ஆளு நிக்கிது."