ஏழாவது கேமராவில் விழாத படம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்றவில்லை. திண்டுக்கல் புகைப்படக்காரர்களான உங்களில் பலருக்கு லூர்துமேரி அக்காவை என்னைவிட அதிக வருடங்கள் தெரியும். ஆனால் ஒரு விஷயம் நேற்று வரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் அவருடைய ஸ்டுடியோ பூட்டியிருந்தது. அவருக்குப் பிலிம் கழுவித் தரும் காதர் பாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "நெஞ்சு வலின்னாங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டாங்க" என்றார். அக்காவின் செருப்புகளைக் கையில் வைத்திருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அக்கா நான்காவது முறையாகப் புகைப்படக்காரர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை கேட்டார். அட்டை இல்லாதவரைப் பெரிய மண்டபங்களில் படமெடுக்க விடுவதில்லை. தலைவர் கருப்பையா அண்ணன் சிரித்தார். "பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஒனக்கு எதுக்குத்தா அட்டை? டிவி விளம்பரத்துல ஆளு அந்தரத்துல நிக்க, படம் சுத்தி வருதுல்ல, அத எடுத்துக் காட்டு. அட்டைய வீட்டுக்கே கொண்டாந்து தாரேன்."

"வீட்டுக்கெல்லாம் வேணாம்ணே. ஆளுக்கொரு கேமரா கொண்டாங்க. ஆடி மாசம் சும்மாத்தானே தூங்குது" என்றார் அக்கா.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கேமராக்களும் கிடைத்தன, மண்டபமும் கிடைத்தது. ஒரு ஞாயிறு மதியம் ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மூடினோம். பன்னிரண்டு கேமராக்களை அரைவட்டமாக நிறுத்தி, எல்லாவற்றிலும் அக்காவே பிலிம் ஏற்றினார். அதனதன் சொந்தக்காரர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கேமரா திறந்திருக்கும்படி வைத்திருந்தார். கும்மிருட்டில் திறந்து கிடந்தாலும் ஒன்றும் பதியாது. ஒரே ஒரு பிளாஷ் வெட்டும்போது பன்னிரண்டிலும் அதே கணம் விழும். பிளாஷின் பொத்தானை நீண்ட ஒயரில் கட்டி அக்காவே பிடித்துக்கொண்டார். குதிக்கப்போவதும் அவர்தான்.

"உச்சில இருக்கேனா இல்லையான்னு எனக்குத்தானே தெரியும்" என்றார்.

முதல் தடவை "தொற" என்று அவர் சொன்னதும் மண்டபமே வெள்ளையானது. கல்யாணப் பழக்கத்தில் நீங்கள் ஒருவரும் உங்கள் பிளாஷை அணைக்கவில்லை. "ஆடியிலயே தீபாவளி வந்துருச்சுக்கா" என்றார் காதர் பாய்.

அதற்குள் ஏழாவது கேமராக்காரருக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அவர் கேமராவை விட்டுவிட்டுப் போனார். அக்கா என்னை அங்கே நிறுத்தினார். "நான் விடச் சொல்ற வரைக்கும் விட்டுராத புள்ள. அம்புட்டுத்தான்."

எல்லோரும் தங்கள் பிளாஷை அணைத்த பிறகு, அக்கா மறுபடி "தொற" என்றதும் அழுத்தினேன். இருட்டில் அக்காவின் பாதங்கள் தரையை உதைத்த சத்தம் கேட்டது. நான் திடுக்கிட்டு விரலை எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் பிளாஷ் வெட்டியது. சுடிதாரோடு அக்கா அந்தரத்தில் நின்றார். அவர் வீசிய உதிரிப்பூக்கள் அவரைச் சுற்றி நின்றன.

"எல்லாரும் புடிச்சிருந்தீகளா? இன்னொண்ணு எடுக்கணுமா?"

"புடிச்சிருந்தோம்" என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன்.

படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகச் சேர்த்து டிவியில் ஓட்டியபோது, ஏழாவது இடத்தில் திரை கறுத்துத் திரும்பியது. "ஆறாவதையே ரெண்டு தடவ போட்டுருவமே" என்று காதர் பாய் முன்பே கேட்டிருந்தார். "ஆறு ஏழாகாது பாய்" என்று அக்கா மறுத்துவிட்டார். "ஒழுங்கா பிலிம் ஏத்தத் தெரியல. அடுத்த ஆடியில பாப்போம்" என்றார் தலைவர். "ஏத்துனது நாந்தாண்ணே" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஏழாவது நெகட்டிவைக் காட்டினார். பிளாஷ்கள் எரிந்த முதல் படம் அதில் விழுந்திருந்தது. அடுத்த கட்டம் வெறுமையாக இருந்தது. பிலிம் சரியாகத்தான் ஏறியிருந்தது.

"வெரலு வலிச்சுச்சா புள்ள?"

"இல்லக்கா."

"சரி. சாப்ட்டியா?"

பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அடுத்த ஆடியில் கேமரா கொடுக்க ஆள் சேரவில்லை. கடைசி வரை அட்டையும் வரவில்லை.

நேற்று சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. மேசையில் படம் இல்லை. பெயரை எழுதி மாலை போட்டிருந்தார்கள். "நல்ல உழைப்பாளி. பிலிம் ஏத்துறதுலதான் கொஞ்சம் அவசரம்" என்றார் தலைவர். நான் எழுந்து, மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு வருசமா ஏன்த்தா சொல்லல?" என்று கேட்டார் தலைவர்.

"பயமா இருந்துச்சு."

அந்த நெகட்டிவை அக்கா அன்றே என்னிடம் தந்திருந்தார். அதையும் கொடுத்தேன். தலைவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பெயர் எழுதாத சங்க அட்டை ஒன்றை எடுத்தார்.

"ஒட்டுறதுக்கு அந்தம்மா போட்டோ இருக்கா பாய்?"

"ஊருக்கெல்லாம் எடுத்தாங்க, தனக்கு ஒண்ணு எடுத்துக்கிறல. குதிக்கிறது பதினொண்ணு இருக்கு."

"ஓட்டுங்க. எதுல மொகம் நல்லாத் தெரியுதுன்னு பாப்போம்."

காதர் பாய் டிவியைப் போட்டார். விளக்குகள் அணைக்கப்பட்டன.