ஆடி மாதத்துப் பூநாரைகள்

நான் வேலை செய்த வீட்டுத் தொத்தோரே, அதாவது டாக்டர், வைத்தியர் அல்ல, வங்கிக்காரர். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில், கழுத்துப்பட்டி கட்டிய எவரும் தொத்தோரேதான். மனிதருக்குப் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்குக் கரை உப்பளங்களுக்குப் போய்த் தூரத்தில் நின்று படமெடுத்து வருவார். கழுவி வந்த படங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரவிக் கிடக்கும். மேசை துடைக்க வரும் என் கையில் பூதக்கண்ணாடியைத் தந்து, "இது என்ன, சொல் பார்க்கலாம்" என்பார். எனக்கு ஒரு இளஞ்சிவப்புப் புள்ளிதான் தெரியும். "ஊத்தை, தொத்தோரே" என்பேன். அவர் மனைவி, சிஞ்ஞோரா, விழுந்து விழுந்து சிரிப்பார். அது ஊத்தையல்ல, பூநாரை. எங்கள் ஊர்க் கடலிலும் நான் பார்த்த பறவைதான். ஆனால் அவருக்கு அதைச் சொல்லப் போனால் அன்றைக்கு வேலை முடியாது.

செப்டம்பரில் ஊரிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. நான் அப்போது மூன்று மாதப் பிள்ளைத்தாச்சி. முன்பெல்லாம் அக்காவின் கடிதங்களுக்கு அடியில் தம்பி இரண்டு வரி கிறுக்கி விடுவான். "இத்தாலிக்காரி, உனக்குச் சோறு வடிக்கவாவது ஞாபகம் இருக்கோ" என்ற மாதிரி. நாலு கடிதமாக அந்த வரிகளைக் காணவில்லை. சண்டைக்கு நடுவில் இடம்பெயர்ந்து அலைகிறவர்கள், எழுத எங்கே நேரம் என்று மனதைத் தேற்றினாலும், அவனைப் பற்றிக் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை ஒரு படம் வந்திருந்தது. நீரேரிக் கரையில் வெள்ளைச் சேர்ட்டோடு தம்பி நிற்கிறான். பின்னால் வெகு தூரத்தில், தண்ணீருக்குள், சிவப்பாகச் சில கீறல்கள். "தம்பி நல்ல சுகம். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குச் செய்யக் கடலுக்குப் போனபோது எடுத்த படம்" என்று அக்கா எழுதியிருந்தாள்.

"பாத்தீரே, ஆள் நல்லாத்தான் இருக்கிறான். இனியாவது நிம்மதியா நித்திரை கொள்ளும்" என்றார் என் கணவர். அவருக்குப் பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு வில்லாவில் தோட்ட வேலை. விடிய முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். படுத்ததும் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை தேத்தண்ணீர் போடும்போது படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கீறல்கள் பூநாரைகள்போல இருந்தன. எங்கள் பக்கத்துக்குப் பூநாரை மாரி மழையோடு வரும், வெயில் ஏற முதல் போய்விடும். ஆடியில் அந்தக் கரையில் காகமும் கொக்கும்தான் நிற்கும். பூநாரை நின்றால் அது ஆடியில் எடுத்த படமல்ல. சரி, கொக்காக இருக்கலாம், கழுவினவன் பிழையாகக் கழுவியதில் சிவந்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். கொக்காக இருக்க வேண்டும் பிள்ளையாரே என்று கும்பிட்டேன். கொக்குக்காக அவரைத் தொந்தரவு செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவிலிருந்து வேலைக்கு நடந்த தூரம் முழுக்கப் படம் கைப்பைக்குள் இருந்தது. தொத்தோரேயிடம் கொடுத்தேன். மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஆறு வருடத்தில் நான் அவரிடம் பறவை கேட்டது அன்றைக்குத்தான்.

யன்னலடிக்குப் போய்க் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். காலின் நீளத்தைப் பார், உடம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, தலை தண்ணீருக்குள் போய்விட்டது, இப்படி வரிசையாக மேய்வது வேறு எதுவும் இல்லை என்றார்.

"நிறம் பிழையாக இருக்கலாம் அல்லவா? கழுவின கடையில்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி" என்று மெச்சினார். பிறகு விரலைத் தம்பியின் நெஞ்சில் வைத்தார். "இந்தப் பொடியனின் சேர்ட்டைப் பார். சுத்த வெள்ளை. கடை சிவப்பாக்கியிருந்தால் இதுவும் சிவந்திருக்கும். சந்தேகமே இல்லை, ஃபெனிகொத்தெரி." பூநாரைகளுக்கு அவர்கள் பெயர் அது. ஏதோ பரிசு தருவதுபோலப் படத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போய்க் குளியலறையைத் தேய்த்தேன்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"அக்கா தவறிப்போய்ப் பழைய படத்தை வைச்சிருப்பா" என்றார்.

"அமாவாசை எண்டு எழுதியெல்லோ இருக்கிறா. எங்கடை அக்கா தவறுற ஆளே?"

"அப்ப உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுமன்."

"கேட்டால் சொல்லுவினமோ?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பிள்ளைத்தாச்சிக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். பெரியம்மா போனபோது, அக்காவுக்குப் பிள்ளை கிடைத்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும், பெரியம்மா கொழும்பில் மருந்தெடுக்கிறா என்று வாய் கூசாமல் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

கேட்டு எழுதவில்லை. "படம் கிடைத்தது, தம்பி வடிவாக இருக்கிறான்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் தம்பி நல்ல சுகமாக இருந்தான்.

பங்குனியில் மகள் பிறந்தாள். முப்பத்தொன்று முடிந்தது. "ஊருக்கு எழுதேல்லையோ?" என்று கணவர் கேட்டார். "எழுதுறன்" என்றேன். சித்திரையில் அக்கா, பிள்ளை பிறந்துவிட்டதா, அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறா என்று எழுதியிருந்தாள். அடியில், தம்பி நல்ல சுகம். நான் பதில் போடவில்லை. மகள் குப்புறப் பிரண்டாள், தவழ்ந்தாள், முதல் பல்லும் வந்தது. ஊருக்கு நான் இன்னும் பிள்ளைத்தாச்சியாகவே இருந்தேன்.