அவனியாபுரத்தில் ஒரு தொட்டிக் கடல்

காதர் மைதீன் இறந்த செய்தி எனக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் வந்தது. தேனி பஸ்ஸிலிருந்து இறங்கி டீ சொல்லியிருந்தேன். நம் பட்டறைச் சங்கச் செயலாளர் போனில் அழுதார். "காதர் பாய் போயிட்டாருண்ணே. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். கப்பல் கட்டுற ஷிப்யார்டுல இருந்து ரெண்டு இன்ஜினியர் கார்ல கிளம்பிட்டாங்களாம்." எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் செத்தால் எந்த ஷிப்யார்டிலிருந்து கார் வரும் என்றுதான் தோன்றியது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னவர்கள் இதையும் அச்சிடத்தான் வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே லேத் பட்டறையில் வேலை பார்த்தோம். ஒரே ஆண்டில் வெளியே வந்து அவனியாபுரத்தில் எதிரெதிரே சொந்தப் பட்டறை போட்டோம். இருவரும் பம்புக்கு வால்வு செய்தோம். என் வேலைதான் நறுவிசு என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் சொல்வார். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

கப்பல் உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே வாங்கப் போகிறோம், சின்னப் பட்டறைகள் இயந்திரம் வாங்க மானியம் உண்டு என்று கே.கே. நகரில் அரசு ஒரு கூட்டம் போட்டதே, உங்களில் பலர் வந்திருந்தீர்கள். "மதுரையில கப்பலா சார்? வைகை மணல்ல ஓட்டவா?" என்று கேட்டேன். அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் காதர் எழுந்தார். "சார், வால்வக் கடல் தண்ணியில எம்புட்டு நாளு போட்டுப் பாப்பீங்க?" அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மானியம் இருவருக்கும் கிடைத்தது. காதர் மட்டும் பட்டறை மூலையில் சின்னதாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார். சனிக்கிழமைதோறும் தூத்துக்குடி பஸ்ஸில் போய் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அதில் விதவிதமான உலோகத் துண்டுகளை நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

உப்புத் தண்ணீருக்கு எதற்கு பஸ் டிக்கெட் என்று நான் கல் உப்பு வாங்கி போர் தண்ணீரில் கரைத்தேன். என் வால்வு அதில் மூன்று மாதம் பளபளவென்று கிடந்தது. ஷிப்யார்டின் சோதனையிலோ அதன் ஸ்டெயின்லெஸ் தண்டில் ஊசி குத்தியது போலக் குழி விழுந்து திரும்பி வந்தது. அவருடையது தேறிவிட்டது. "கடல் தண்ணியில உசுரு இருக்கு மாப்ள. அது பாசியா ஒட்டிக்கிட்டு அடியில அரிக்கும். தொட்டியில ஊத்துனா ஒரு வாரத்துல செத்துப்போகுது, அதான் மாத்திக்கிட்டே இருக்கேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுசோதனைக்கு ஒரு வாய்ப்புத் தந்தார்கள். தண்டுக்கு எந்த உலோகம் என்று தெரிந்தால் போதும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து தொட்டியை எட்டிப் பார்த்தேன். எல்லாத் துண்டிலும் வெறும் எண்தான் இருந்தது. மறுநாள் அவர் என் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"தொட்டியப் பாத்தியாமே?"

"சும்மா வந்தேன் பாய்."

"எந்த நம்பரு எந்த உலோகம்னு என் தலையிலதான் இருக்கு. கேட்டாச் சொல்லப்போறேன். கேளு மாப்ள."

என் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் லேத்தை ஓடவிட்டேன். அவர் திரும்பிப் போனார். நானாக ஓர் உலோகத்தைப் போட்டு அனுப்பினேன், அதுவும் தேறவில்லை. அந்த வால்வைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மறுபடி பம்பு வேலைக்கே வந்தேன். அவர் வால்வு போட்ட கப்பல் ஒவ்வொன்றும் கடலில் இறங்கும்போது எனக்கு லட்டு கொண்டுவருவார். ஒன்றைக்கூட நான் தின்றதில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய பட்டறைக்குப் போனேன். இப்போது அதை நடத்தும் அவர் மகள் சலீமா, "வாங்க மாமா" என்று நேரே தொட்டியிடம் அழைத்துப் போனாள். எண் போட்ட துண்டுகளுக்கு நடுவே ஒரு முழு வால்வு தொங்கியது. நான் எடைக்குப் போட்டது. தண்டு மட்டும் புதிது. அதில் கட்டியிருந்த சீட்டில் எண் இல்லை. காதரின் கையெழுத்தில் என் பெயரோடு, "பாண்டி. நிக்கல் அலுமினிய வெண்கலம்" என்று இருந்தது.

"அத்தா எடைக்கடையில போயி வாங்கிட்டு வந்தாக மாமா. கொண்டுபோய்க் குடுக்கவான்னா, 'அவன் கேக்கட்டும்'பாக."

தண்டில் ஒரு குழி இல்லை. எத்தனை வருடமாக இது இங்கே கிடக்கிறது என்று அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. "இத நான் எடுத்துக்கவாம்மா?" என்று கேட்டேன். அவள் கயிற்றை அவிழ்த்து ஈரத்தோடு என் கையில் கொடுத்தாள். "அத்தா படுத்ததுல இருந்து தண்ணி மாத்தல மாமா" என்றாள்.

அந்த வால்வு என் மேசை மேல் இருக்கிறது. அவர் மேல் எனக்கிருந்த பொறாமையும் அப்படியே இருக்கிறது. நண்பர்களே, காதரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். போன சனிக்கிழமை அவருடைய இரண்டு கேன்களையும் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறினேன். கண்டக்டர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாய் வரலையாண்ணே?" என்றார். அங்கேயும் அவரைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.