தோடமரத்தடியில் ஒரு முழுக்கு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் கவலைப்படுவதற்கு எனக்கு ஒருவரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாக வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு, லண்டன் சட்டனில் மகள் படித்த பள்ளிக்கூடத்தின் வாத்தியக் குழு மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்குப் போவதாக ஏற்பாடானது. அங்கே மலைச்சரிவில் ஒரு தாவரவியல் தோட்டம். ஓர் இசையமைப்பாளரும் மனைவியும் கல்லுப் பூமியைக் கொத்தி உண்டாக்கியதாம். அவர் காலமாகிவிட்டார். அவர் இருந்து இசை எழுதிய அறையில், ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்க வைப்பது அந்த அம்மாவின் வழக்கம்.

மகளுக்குப் பதினாலு வயது. கையில் இருந்தது கவுன்சில் இரவலாகத் தந்த வயலின். முந்திய மார்கழியில் பள்ளிக்கூடக் கச்சேரியில் தனியாக வாசிக்கும்போது, பாதியில் அவளுடைய கை அப்படியே நின்றுவிட்டது. சபை பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தபடி இறங்கி வந்தாள்.

தீவிலும் தனியாக வாசிக்க, அந்த இசையமைப்பாளர் எழுதிய ஒரு சின்ன இசைத் துண்டைக் கொடுத்திருந்தார்கள். "அங்கையும் கை நிண்டுதெண்டால் வயலினைத் திருப்பிக் குடுத்திடுவன். பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கக் கூடாது," என்றாள். சொன்னால் செய்கிறவள்.

பெண்பிள்ளைகளோடு கூடப்போக ஒரு தாய் தேவை என்று ரீச்சர் கேட்டபோது, நான் வேலை செய்த லோண்டரியில் லீவு கிடைத்தது எனக்கு அதிசயம்.

"நீர் போனால் பிள்ளைக்குப் பதற்றம் கூடும்," என்றார் இவர், என் கணவர்.

"போகாட்டி எனக்குக் கூடும்."

"உமக்கு எப்பிடியும் கூடும். போயிட்டு வாரும்."

விமானத்தில் பாஸ்போட்டை எத்தனை தரம் தடவிப் பார்த்தேனோ தெரியாது. பிறகு படகு, பிறகு ஒரு சின்ன பஸ். தோட்டத்துப் படலையைத் திறந்தால் ஈர மண் மணம். குளங்களில் ஆம்பல், கற்படிகளின் இரு பக்கமும் ஆள் உயரப் பன்னச் செடிகள், மேலே எங்கோ ஒரு ஜன்னலுக்குள் யாரோ பியானோ தட்டிப் பார்க்கிற சத்தம். வாயைத் திறந்தபடி நின்றேன். மூன்று மணிக்குக் கச்சேரி.

மத்தியானம் ஒரு தோடமரத்தடியில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டோம். கீழே ஆரஞ்சு நிறத்தில் நல்ல தோடம்பழம் இரண்டு விழுந்து கிடந்தது. ஒன்றை எடுத்து உரித்து மகளிடம் நீட்டினேன்.

"தின்னு. தொண்டைக்கு நல்லது."

"வயலின் தொண்டையாலையே அம்மா வாசிக்கிறது?" என்றாள். ஆனாலும் மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு சுளை விடாமல் தின்றாள்.

அதன் பிறகு அவள் வயலினுக்குச் சுருதி சேர்க்க மேலே போய்விட்டாள். அப்போதுதான் வீட்டுக்கார அம்மா, இசையமைப்பாளரின் மனைவி, மற்றப் பிள்ளைகளுக்குத் தோட்டம் காட்ட வந்தார். எழுபது வயதிருக்கும், மண் ஒட்டிய கை. அந்த மரத்தைத் தட்டிக்கொண்டே, தட்டித்தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னார்: என் கணவருடைய சாம்பலை இதன் வேரில்தான் புதைத்தேன், அதற்குப் பிறகுதான் பழம் இனிக்கத் தொடங்கியது.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த பழத்தோலைக் கீழே போட்டேன்.

எங்களில் செத்தவீட்டுக்குப் போய்வந்தாலே, தலையில் தண்ணீர் வார்க்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டோம். நானோ சாம்பலில் விளைந்ததை உரித்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கையோடு வாத்தியத்தைத் தொடப்போகிறாள். சொன்னால் அந்தப் பயத்திலேயே கை நிற்கும். சொல்லாமல் விட்டு, கை நின்றால், அது நான் செய்த வேலை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டு பேருக்குமாக நான் முழுகிவிடுவது.

தோட்டக்காரக் கிழவர் பன்னங்களுக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டிக் கேட்டேன். குடிக்கக் கேட்கிறேன் என்று கோப்பை எடுத்து வந்தார். தலையைத் தொட்டுக் காட்டினேன். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குழாயை உயர்த்தினார். லண்டன் ஆர்ச்வே கோயில் முருகனை நினைத்துக் கண்ணை மூடினேன். கட்டியிருந்தது என் நல்ல சேலை.

கண்ணைத் திறந்தால் எதிரே வீட்டுக்கார அம்மா.

"வெக்கை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பல்லு அடித்துக்கொண்டிருந்தது.

அவர் என் கையைப் பிடித்தார். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தலை துவட்டத் துவாய் தந்தார். கதவுக்குப் பின்னால் தொங்கிய ஆம்பிளைக் கோட்டு ஒன்றை எடுத்து என் தோளில் போட்டார். "என் கணவருடையது. நல்ல சூடு," என்றார். மறுபடி முழுக வேண்டுமே என்று ஒரு கணம் பதறினேன். ஆனால் அவர் குனிந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசி வரிசையில் போய் இருந்தேன். மகள் வயலினோடு வந்து நின்றாள். எப்போதும்போல முதலில் என்னைத் தேடினாள். கண்டாள். ஈரத் தலை, முழங்கால் வரை ஆம்பிளைக் கோட்டு, கீழே சொட்டுகிற சேலை. உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கண்டேன், பிள்ளை சிரிப்பை அடக்குகிறாள். அடக்கிக்கொண்டே வில்லை வைத்தாள். வில் சற்று ஆடியது, கை நிற்கவில்லை. அடுத்த முறை அவள் நிமிர்ந்தபோது துண்டு முடிந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து வீட்டுக்கார அம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

திரும்பும் படகில்தான் கேட்டாள். "அம்மா, அது என்ன கோலம்?"

உள்ளதைச் சொன்னேன்.

"ஐயோ அம்மா! சாம்பல் விசயம் எனக்கு முதலே தெரியும். ரீச்சர் லண்டனிலையே சொன்னவா."

"தெரிஞ்சோ திண்டனீ?"

"ஓம். அவரின்ரை பாட்டைத்தானே வாசிக்க இருந்தனான். அவர் தந்தமாதிரி இருந்தது."

 என் மடியில் ஒரு பை நிறையத் தோடம்பழம் இருந்தது. கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா தந்தது.

சட்டனுக்கு வந்து, மேசையில் இருந்து மூவருமாக உரித்துத் தின்றோம். "நல்ல இனிப்பு, எங்கை வாங்கினது?" என்று கேட்டார் இவர். மகள் என்னைப் பார்த்தாள். தின்று முடிக்கட்டும் என்று கண்ணைக் காட்டினேன்.

அன்று நான் முழுகவில்லை. வயலின் வரவேற்பறையில் அதன் இடத்திலேயே இருந்தது.