பன்னிரண்டாம் தலத்தில் வந்த றொலி

ரயில் ஓடாத தண்டவாளத்தில் ரயிலுக்குப் பயந்து ஓடியவர் என்னைத் தவிர வேறு யாராவது டென்மார்க்கில் இருந்தால் முன்னால் வரலாம், கைகொடுக்கிறேன். ஓடினேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. பாய்ந்தேன். பாய்ந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைப் பெருமையாகத்தான் சொல்லுவோம். அதிலும் நெஞ்சை அதிகம் நிமிர்த்திச் சொல்பவன் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. அம்மா, அக்கா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று மன்னாரிலிருந்து வந்த நாலு பேரையும் சில்க்போர்க்குக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். அப்பா வரவில்லை. முழுக் குடும்பமாகப் போனால் வழியில் மறித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்ன புத்தியைக் கேட்டு, அடுத்த பயணத்தில் வருவதாகச் சொல்லிக் கொழும்பில் நின்றுவிட்டார். அந்த அடுத்த பயணம் வரவேயில்லை.

ஆகவே அம்மா நேர்த்தி வைத்தார். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையைத் திறந்த வெளியில் நடப்பது. இயேசுவுக்குத் தீர்ப்பிட்டதில் தொடங்கி அவரைக் கல்லறையில் வைத்தது வரையுள்ள பதினான்கு தலங்களிலும் முழங்காலிட்டுச் செபிப்பது. இடையில் ஒன்றுகூட முறியாமல் முடிப்பது. முடித்தால் அப்பா வந்துசேருவார். முறிந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிரச்சினை இடம்தான். கத்தோலிக்கக் கோவில் வேறு ஊரில் இருந்தது; பெரிய வெள்ளியன்று அங்கே போக பஸ் கிடையாது. வீதியில் போகலாமே என்று அம்மா சொன்னபோது மாமா சிரித்தார்.

"அக்கா, இந்த ஊர் றோட்டில சிலுவையோட போனமெண்டால் பொலிஸ் வராது. அம்புலன்ஸ்தான் வரும்."

"அப்ப வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி நடக்கச் சொல்லுறியோ? அதுக்குப் பேர் சிலுவைப்பாதை இல்லை, நித்திரையில நடக்கிற வருத்தம்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இடம் எனக்குத் தெரியும் என்றேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் பேர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய ரயில் பாதை கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். டெனிஷ் பிள்ளைகள் உதைபந்தில் என்னைச் சேர்க்காத நாட்களில் அது என் ராச்சியம். தண்டவாளம் சில இடங்களில் புல்லுக்குள் மறைந்து, கொஞ்சத் தூரம் தள்ளி மறுபடி தலைகாட்டும். கை ஒடிந்த சிக்னல் கம்பம் ஒன்று, மேடையே இல்லாத இடத்தில் இரண்டு மேடைப்படிகள், பாசி பிடித்த கிலோமீற்றர் கல், கரி ஏற்றுவதற்காகக் கட்டிய செங்கல் அறை. யாரோ வீட்டைக் காலி செய்யும்போது அவசரத்தில் விட்டுப்போன சாமான்கள் போல எல்லாம் அப்படி அப்படியே கிடந்தன.

பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் ஒரு பெண்மணி குடியிருந்து முட்டை விற்றார். முட்டையை, அந்தக் காலத்தில் ரிக்கெற் கொடுத்த அதே சின்ன ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார். முட்டை வாங்கப்போன இடத்தில் பாதையின் சரித்திரமும் துண்டு துண்டாகக் கிடைத்தது. விவசாயிகள் பிடிவாதமாக நின்று தங்கள் ஊருக்குக் கேட்டு வாங்கிய பாதையாம். உலகப்போரில் வெளிநாட்டு நிலக்கரி நின்றபோது, பக்கத்துத் தரவை நிலத்தில் தோண்டிய பழுப்பு நிலக்கரி முழுக்க இதில்தான் போனதாம். பிறகு பஸ்ஸும் லொறியும் வந்தன. கடைசி ரயில் போன நாளில் ஊரே திரண்டுவந்து அழுததாம். கார் வாங்கியபின் ரயில் பக்கமே வராதவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார்களாம்.

அம்மாவுக்கு இடம் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் தலைமன்னார்ப் பாதையோரம் பிறந்து வளர்ந்தவர். தண்டவாளம் என்றால் ஒரு பயம் கலந்த மரியாதை உண்டு. "கோச்சி வருமோ எண்டு வடிவாக் கேட்டுக்கொண்டு வா" என்று என்னை அனுப்பினார். எங்கள் வீட்டில் டெனிஷ் கதைக்கக்கூடிய ஒரே ஆள் நான். முட்டை ஜன்னலில் கேட்டேன். அந்தப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தார். ரயிலா, அதெல்லாம் என் கலியாணத்துக்கு முந்திய கதை என்றார். நான் வீட்டுக்கு வந்து, அரசாங்கத்தின் சார்பில் பேசுபவனைப் போல, "இந்தப் பாதையில ஒரு கோச்சியும் வராது" என்று அறிவித்தேன்.

அந்த வார்த்தையில் ஒரு பிழையும் இல்லை. கோச்சி வராதுதான்.

அதன்பின் என் செல்வாக்கு ஏறியது. பதினான்கு தலங்களுக்கும் இடம் குறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேடைப்படியில் பிலாத்து தீர்ப்பிடுவார். சிக்னல் கம்பத்தடியில் இயேசு முதல் முறை விழுவார். கரி ஏற்றும் செங்கல் அறைதான் கல்லறை. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த திமிர் இன்றுவரை வேறு எதற்கும் வந்ததில்லை. பன்னிரண்டாம் தலமான இயேசுவின் மரணத்துக்கு, பாதை ஒரு வளைவு திரும்பியதும் வரும் உயர்ந்த மண்மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் பனி உருகிய தண்ணீர். கல்வாரி என்றால் உயரம் வேண்டுமே.

மாமா சிலுவைக்குப் பொறுப்பு. ஓரமாகக் கிடந்த, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் பழைய சிலிப்பர் கட்டையில் செய்யலாம் என்று போனவர், ஒரு கட்டையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இயேசுவின் மீது பக்தி இரட்டிப்பாகி வீடு திரும்பினார். கடைசியில் வேலிக் கம்பு இரண்டுதான் சிலுவையானது.

பெரிய வெள்ளி வந்தது. பக்கத்து ஊர்களில் இருந்த சில தமிழ்க் குடும்பங்களும் சைக்கிளிலும் கடன் வாங்கிய காரிலும் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் நோன்பு. பெண்கள் சேலைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய குளிர்ச்சட்டைகளை மாட்டியிருந்தார்கள். மாமா சிலுவையோடு முன்னால். எனக்கு இரண்டு பலகைத் துண்டுகள். பெரிய வெள்ளியன்று மணி அடிக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு தலத்திலும் மரத்தைத்தான் தட்டுவார்கள். நான் தட்டிய தட்டில் காட்டுப் புறாக்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போயின.

பதினோரு தலம் பழுதில்லாமல் நடந்தது. பன்னிரண்டாம் தலத்தில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. இயேசு உயிர்விட்டார் என்று வாசித்ததும் எல்லாரும் முழங்காலிடுவார்கள். பாட்டில்லை, செபமில்லை, மூச்சுச் சத்தம்கூட இருக்கக் கூடாது. முன்னின்று நடத்துபவர் எழும்பும்வரை எவரும் எழும்பக் கூடாது. அன்று நடத்தியவர் அம்மா. அவர் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு சிலிப்பர் கட்டையில் முழங்காலிட்டார். எல்லாரும் முழங்காலிட்டோம்.

அந்த மௌனத்தில் என் முழங்காலுக்குக் கீழே கட்டை மெல்ல அதிர்ந்தது.

முதலில் பக்தி என்று நினைத்தேன். பிறகு வளைவுக்கு அப்பால் ஒரு இரைச்சல் கேட்டது. பக்தி இரைவதில்லை. தலையைத் திருப்பினேன். மரங்களுக்கிடையில் மஞ்சளாக ஏதோ ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அதன்பின் என்ன கத்தினேன் என்பதில் இன்றுவரை உடன்பாடில்லை. டெனிஷில் என்கிறார் அக்கா. தமிழில், அதுவும் பெரிய வெள்ளியில் சொல்லக்கூடாத தமிழில் என்கிறார் மாமா. எனக்குத் தெரிந்தது, என் கால்கள் என்னிடம் கேட்காமல் ஒரு முடிவெடுத்தன என்பதுதான். பலகைத் துண்டுகளை எறிந்துவிட்டு, வருகிற திசைக்கே நாலு எட்டு ஓடி, அது பிழையான திசை என்று விளங்கியதும் கைகள் இரண்டையும் காற்றாடியாகச் சுழற்றிக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தேன். இடுப்பளவு பனித்தண்ணீர். சப்பாத்து ஒன்று சேற்றுக்குள் போனது, இன்னும் வரவில்லை. நல்லவேளை, நான் தனியாக இல்லை. மறு பக்கத்தில் மாமா சிலுவையைக் கட்டிப்பிடித்தபடி உருண்டுகொண்டிருந்தார்.

தண்ணீருக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். அம்மா அசையவில்லை. கை கூப்பியபடி, நிமிர்ந்த முதுகோடு அப்படியே இருந்தார். எழும்பப் பார்த்த அக்காவின் சட்டையை அவருடைய ஒரு கை இழுத்து இருத்தியது. பாதி எழும்பிய மற்றவர்கள், அம்மா எழும்பாததைக் கண்டு, ஒவ்வொருவராக மறுபடி முழங்காலிட்டார்கள். பிறேக் கிறீச்சிட்டது. ஒரு மாட்டுவண்டி நீளத்துக்கு அப்பால் அது நின்றது.

அது கோச்சியில்லை. நாலு சில்லும் ஒரு சின்ன எஞ்சினும் பூட்டிய பலகை. பாதை திருத்துகிறவர்கள் போய்வருவதற்கான றொலி. மேலாடை முழுக்க எண்ணெய்க் கறையோடு மூன்று டெனிஷ்காரர்கள் அதில் இருந்தார்கள். பழைய பாதையைத் திருத்த ஆசைப்பட்டு, நான் அந்தப் பக்கம் போகாத விடுமுறை நாட்களில் வந்து புல் வெட்டி, ஆணி இறுக்கி வந்த ஆட்கள். தாங்கள் சீராக்கிய துண்டில் அன்றுதான் முதல் ஓட்டம். அதற்காக ஒரு தடியில் டெனிஷ் கொடிகூடக் கட்டியிருந்தார்கள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தங்கள் பாதையில் முதல் சில்லு உருளும்போது, தண்டவாளத்தில் ஒரு கூட்டம் முழங்காலில் நிற்பதைக் கண்டால் அவர்கள் என்னதான் நினைத்திருப்பார்கள்!

அவர்களில் மூத்தவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். அம்மா எழும்பும்வரை அந்த மூவரும் காத்திருந்தார்கள். அம்மாவும் ஒரு கணம்கூடக் குறைக்கவில்லை. ஆறுதலாக எழும்பி, சேலையில் ஒட்டிய சல்லியைத் தட்டிவிட்டு, என்னைத் தேடினார்.

"இஞ்ச வா. இன்னும் ரெண்டு தலம் கிடக்கு, முடிச்சிட்டு வழி விடுறம் எண்டு சொல்லு."

ஒற்றைச் சப்பாத்தோடு, தலையில் பாசியோடு மேலே ஏறிவந்தேன். பற்கள் அடித்துக்கொள்ள டெனிஷில் சொன்னேன்: இயேசு இப்போதுதான் இறந்திருக்கிறார், இனி இறக்கி அடக்கம் செய்ய வேண்டும், அதுவரை பொறுக்கட்டாம்.

மூத்தவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பாதைக்காக நாங்கள் இவ்வளவு வருடம் பொறுத்துவிட்டோம். அடக்கம் முடியும்வரை பொறுக்க மாட்டோமா?" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பிப்போய், தடியிலிருந்த கொடியைப் பாதிக்கு இறக்கிக் கட்டினார். பெரிய வெள்ளியன்று இந்த நாட்டில் கொடி அரைக்கம்பத்தில்தான் பறக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. கயிறு தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர்கள் எஞ்சினை மறுபடி முடுக்கவில்லை. றொலியைக் கையால் தள்ளிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்கள். பதின்மூன்றாம் தலம், பதினான்காம் தலம். செங்கல் அறை வாசலில் அம்மா கடைசிச் செபத்தைச் சொல்லி முடித்தபோது, அவர்கள் பாதையின் மறுபக்கத்தில் கைகட்டி நின்றார்கள். அம்மாவின் கணக்கில் நேர்த்தி முறியவில்லை.

முடிந்ததும் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றினார்கள். ஈரல் பூசிய பாணும் நீட்டினார்கள். இறைச்சியே தொடாத பெரிய வெள்ளியில் ஈரல்! அம்மா சிரித்தபடி கோப்பியை மட்டும் வாங்கினார். எண்ணெய் மணக்கும் அவர்களுடைய மேலாடைக்குள் சுருண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். பாணை நோக்கிப் போன என் கை பாதிவழியில் திரும்பியது.

அந்தக் கிழமையே அம்மா அப்பாவுக்கு அனுப்பக் கசெற்றில் பேசினார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"...கோச்சி மாதிரி ஒண்டு வந்ததப்பா. நாங்கள் எல்லாரும் முழங்காலில. இவன்தான் எழும்பி அதுக்கு முன்னால ஓடினவன். கையைக் கையைக் காட்டினவன். அது நிண்டிட்டுது. தண்ணிக்குள்ள விழுந்து நனைஞ்சும் போனான், பாவம். நீங்கள் எங்களைப் பற்றி யோசிக்காதேங்கோ."

நான் திகைத்துப்போனேன். எழும்பினேன், ஓடினேன், கையைக் காட்டினேன், நனைந்தேன்: ஒவ்வொரு சொல்லும் உண்மை, சேர்ந்தால் வேறு ஒருவனுடைய கதை. கண்ணை மூடிச் செபித்ததால் அம்மா ஒன்றையும் காணவில்லை என்று முடிவு செய்தேன். திருத்தப் போகவில்லை. வந்த புகழை யார் வேண்டாம் என்பார்கள்?

நான் பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகுதான் அக்கா உண்மையைச் சொன்னார். அம்மா கண்ணை மூடவேயில்லையாம். சத்தத்திலேயே அது றொலி என்றும், பிறேக் பிடிக்கிறார்கள் என்றும் அவருக்குத் தெரிந்ததாம். நான் பாய்ந்ததை முழுக்கப் பார்த்தாராம். இயேசு இறந்த தலத்தில் சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாராம்.

அந்த வருடம் இலையுதிரும் காலத்தில் அப்பா வந்தார். பிரெடெரிசியா நிலையத்தில், நிஜமான ரயிலிலிருந்து, மெலிந்து பாதி உடம்பாக இறங்கினார். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். தூக்குவார் என்று நினைத்தேன். தூக்கவில்லை. பெரிய ஆளுக்குக் கொடுப்பதுபோல் கையை நீட்டினார்.

"நீ இஞ்ச நிண்டபடியால்தான் நான் அங்க நித்திரை கொண்டனான்" என்றார்.

அம்மா பெட்டியின் பட்டியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, இறுக்கமாகக் கைகொடுத்தேன். நல்லகாலம், பெரிய வெள்ளியன்று அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று மனதுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.