தம்பிக்கு அளந்த பாதி

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். வாராவாரம் இந்த இடத்தில் மழை, மாடு, பழனிப் பாதயாத்திரை என்று எதையாவது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இது மட்டும் பேனா முனை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும்.

போன செவ்வாய்க்கிழமை மன்னவனூர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பெஞ்சில் ஒருவர் தன் அக்கா மகனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெள்ளனே எந்திரிச்சுக் காட்டுக்குப் போ மாப்ளே. இல்லேன்னா முத்துவேலு கததான். நெலம் இருந்தும் வெளங்காமப் போனான்ல?"

முத்துவேல் என் தம்பி. இறந்து ஏழு வருடம் ஆகிறது.

அப்புறம்தான் என்னைக் கவனித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றார். நான் எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வேன்? அந்தப் பேச்சை ஊரில் முதலில் ஆரம்பித்தவனே நான்தான்.

எங்கள் அப்பாவுக்கு மேட்டில் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் நிலம். மேட்டு நிலம் எனக்கு. "அதுல பாதி அளவு, ஓடைக்கு அந்தப் பக்கம் தம்பிக்கு அளந்து குடு. மிச்சத்த வித்துத் தங்கச்சி கல்யாணத்த முடி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

எங்கள் பக்கம் நிலம் அளப்பதற்கு முன்னால் கயிற்றுக்குத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டுவோம். அந்தக் கயிறு அளந்ததை யாரும் மறுபடி அளக்க மாட்டார்கள். அளந்தால் சாமியையே சந்தேகப்பட்ட மாதிரி.

மேட்டு நிலம் நாற்பது கயிறு நீளம், முப்பது கயிறு அகலம். பாதி என்றால்? நீளத்தில் பாதி இருபது. அகலத்தில் பாதி பதினைந்து. அப்படியே தம்பிக்கு அளந்து கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இதில் தப்பு இருக்கும் என்று ஏன் நினைக்கப் போகிறேன்?

போதாததற்கு வேலி வேறு சாட்சி சொன்னது. காட்டெருமை இறங்காமல் இருக்க இரண்டு நிலத்துக்கும் கம்பி வேலி போட்டோம். எனக்கு நாலு சுருள் கம்பி. தம்பிக்குச் சரியாக இரண்டு. "பாத்தியா, முருகன் கணக்கு பிசகாது" என்றேன். தம்பியும் கையெடுத்துக் கும்பிட்டான்.

முதல் வருட உருளைக்கிழங்கு. எனக்கு நாற்பது மூட்டை, தம்பிக்குப் பத்து.

"ஏலே, என் நெலத்துல பாதி வெச்சிருக்க. இருபது மூட்டை வரணும்ல? மிச்சத்த எங்க போட்ட, போர்வைக்குள்ளயா?"

"எனக்குன்னா கெழங்குக்கும் இளக்காரமாப் போச்சு போலண்ணே" என்று சிரித்தான்.

அடுத்த வருடமும் அதே கதை. நான் நாலு பேர் நடுவில் கேலி செய்தேன். அதை நாற்பது பேர் சொன்னார்கள். தம்பியோ விடிவதற்கு முன்பே நிலத்துக்குப் போய், இருட்டிய பிறகு வருவான். ஐந்தாவது வருடம் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு வெவசாயம் கை குடுக்கலண்ணே" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியோடு ஒட்டன்சத்திரம் போய் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். சோம்பேறி என்று நாங்கள் பெயர் வைத்தவன்... ஒரு நாள் காய்கறி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை.

மறு வருடம் வீட்டில் பூஜை அறை கட்டினேன். எட்டுக்கு ஆறு அடி என்று, ஓரடிச் சதுரக் கல்லாக வாங்கிப் போட்டேன். அடுப்படிக்கு இடம் போதாது என்று வீட்டில் சண்டை. கடைசியில் நாலுக்கு மூன்றாகச் சுருக்கினோம். முருகன் கோபிக்க மாட்டார், வீட்டுக்காரி கோபிப்பாள் இல்லையா?

"பாதிக் கல்லத் திருப்பிக் குடுத்துருவோம்" என்றேன் கொத்தனாரிடம்.

அவர் சிரித்தார். "பாதி இல்லைங்க, முக்கால்வாசி மிஞ்சும். நாப்பத்தெட்டுக் கல்லு வாங்கிருக்கீங்க. இப்பப் பன்னெண்டு போதும்."

"அதெப்படி? எல்லாத்தையும் பாதியாத்தானே கொறைச்சோம்?"

"சுவரோரமா ஒட்டுற பட்டைக் கல்லு பாதியாகும். சுத்தி வர்றதுதானே அது. தரைக்கு அப்படி இல்லைங்க. நீளத்துல ஒருதரம் பாதியாக்குனீங்க. அந்தப் பாதிய அகலத்துல இன்னொருதரம் பாதியாக்கிட்டீங்க. கால்தானே நிக்கும்?"

பன்னிரண்டு கல்லை அடுக்கிக் காட்டினார். நான் அங்கேயே தம்பி நிலத்தைக் கணக்குப் போட்டேன். வேலி பாதி, நிலம் கால். நாற்பது மூட்டை எங்கே, பத்து மூட்டை எங்கே? தம்பி ஒரு மூட்டைகூடக் குறைக்கவில்லை. அந்தக் கால் பங்கு மண்ணில் ஒரு மனிதன் எடுக்க முடிந்த அத்தனையையும் எடுத்திருக்கிறான்.

மறுநாளே ஒட்டன்சத்திரம் போனேன். தம்பி பெண்டாட்டி செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அவருக்கு இது தெரியாது மாமா. கையாலாகாதவன்னு தன்னையே திட்டிக்கிட்டுத்தான் போய்ச் சேந்தாரு."

"கொறைஞ்ச நெலத்த எம்பங்குல இருந்து எழுதித் தாறேம்மா."

"தாங்க, வாங்கிக்கிறேன். ஆனா அவரு சோம்பேறி இல்லைன்னு ஊர்ல யாரு சொல்லுவா? அதையும் நீங்கதான் சொல்லணும்."

நிலத்தை எழுதிக் கொடுத்தேன். ஊர் என்ன சொன்னது தெரியுமா? தம்பி போன பிறகும் தன் நிலத்தைத் தூக்கிக் கொடுத்த உத்தமன் என்றது. கோயிலில் கூப்பிட்டு முதல் மரியாதை செய்தார்கள். மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடமாகச் சஷ்டிதோறும் விரதம் இருக்கிறேன். முருகன் மன்னிப்பார் என்று நம்புகிறேன். ஆனால் செல்வி கேட்டது முருகனிடம் இல்லையே?

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் மாற்ற வேண்டாம். அண்ணன் பெரிய மனதோடு கொடுத்தான் என்று சேர்க்க வேண்டாம். படிக்காதவன், தெரியாமல் செய்தான் என்று எனக்காகப் பேச வேண்டாம். தெரிந்த பிறகும் ஆறு வருடம் சும்மா இருந்தான் என்பதையும் விட்டுவிட வேண்டாம்.

என் தம்பி முத்துவேல் நல்ல விவசாயி.